எது ரொம்ப சத்தமான வாத்தியம்?

ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்குப் பாடம் நடத்துவது சுலபம். ‘ப்ராஜெக்ட்’ கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் கஷ்டம். பிள்ளைக்காகத் தெர்மாகோல் வெட்டி, விரலெல்லாம் பசையோடு ஆபீஸ் போன பெற்றோர்களே, உங்களுக்கு இது புரியும். புனேயில் என் நான்காம் வகுப்புக்கு இந்த வருடம் வந்த தலைப்பு, ‘உலக இசைக்கருவிகள்’.

யார் செய்தது?

ஆரவ் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நீண்ட மரக்குழலைப் பற்றிக் கொண்டுவந்தான். எல்லாம் பளபளவென்று கலர் பிரிண்ட். அப்பாவுக்கு ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை என்பது தாளைப் பார்த்தாலே தெரிந்தது. “இதோட சத்தம் எப்படிடா இருக்கும்?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான்.

“அப்பா இப்ப ஆபீஸ் வண்டியில இருப்பார் மிஸ். ஃபோன் பண்ணிக் கேளுங்க.”

ரோஷினியின் தேடல்

அன்றைக்கே விதி போட்டேன்: கம்ப்யூட்டரிலாவது ஒரு தடவை கேட்காத கருவியைப் பற்றி யாரும் எழுதக்கூடாது. மற்றவர்கள் வயலின், புல்லாங்குழல் என்று ரசித்துக்கொண்டிருக்க, ரோஷினி மட்டும் எல்லாவற்றையும் “சின்ன சத்தம்” என்று தள்ளிக்கொண்டே வந்தாள். “இதென்ன பட்டாசுக் கடையா?” என்று சிடுசிடுத்தேன்.

அவள் அப்பாவுக்கு போசரியில் தகடு அடிக்கும் ப்ரெஸ் மெஷினில் வேலை. அந்த இரைச்சலில் காது மந்தமாகி, இப்போது வாயசைவைப் பார்த்துத்தான் சமாளிக்கிறாராம். அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

“கொஞ்சம் மிச்சம் இருக்குன்னு டாக்டர் சொன்னார் மிஸ். அந்தக் கொஞ்சத்துல கேக்கற மாதிரி ஒண்ணு வேணும்.”

உலகம் எங்கே?

கடைசியில் அவள் பிடித்தது டோல். கணபதி ஊர்வலத்துக்காக ஆற்றங்கரையில் பயிற்சி செய்வார்களே, ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிருமே, அந்தப் பெரிய மேளம். வேறு நாட்டுக் கருவியாக எடுக்கலாமே என்று இழுத்தேன்.

“புனேயும் உலகத்துலதானே மிஸ் இருக்கு?”

சுவரைப் பார்த்து

கண்காட்சியன்று ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். வந்தவர்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் பிள்ளைகள் கருவியை வாசிப்பார்கள். கேட்டதும் கையைத் தூக்க வேண்டும். ரோஷினியின் அப்பா லீவு போட்டு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் வந்திருந்தார். மகளைவிட எனக்குத்தான் படபடப்பு. எப்படியாவது அவருக்குக் கேட்டுவிட வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

இரவல் வாங்கி வந்த டோலின் முன்னால் நின்று ரோஷினி குச்சியை ஓங்கினாள். அடி விழவில்லை, அதற்குள் அவர் கை உயர்ந்துவிட்டது. “கேக்குதும்மா! சூப்பரா கேக்குது!” என்று சுவரைப் பார்த்தபடியே சிரித்தார். ஓங்கிய குச்சியோடு அவள் என்னைப் பார்த்தாள். அவர் திரும்புவதற்குள் பலம் கொண்ட மட்டும் ஓர் அடி அடித்தாள். பிறகு என்னிடம் வந்து கிசுகிசுத்தாள்.

“நான் லேட்டா அடிச்சேன்னு அப்பாகிட்ட சொல்லிடாதீங்க மிஸ்.”

படத்துக்கு இவ்வளவு, கையெழுத்துக்கு இவ்வளவு என்று மார்க்கைப் பிரித்து வைத்திருந்த எனக்கு, இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்றுதான் தெரியவில்லை.