காதில் விழாத விளம்பரம்

இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடந்தது இது. பெங்களூரு காக்ஸ் டவுனில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். தேங்காய் வாங்கினால்கூட நாலு தடவை காதருகே ஆட்டிப் பார்ப்பேன். யாரையும் லேசில் நம்பமாட்டேன்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு தனியார் எஃப்.எம். ரேடியோவுக்கு விளம்பரம் பிடிக்க ஒரு பெண் வந்தாள். பக்கத்து ஏரியாவான மர்பி டவுன்காரி. வேலையில் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாகவில்லை. நாம் சும்மா கேட்கிற பாட்டெல்லாம் விளம்பரக் காசில்தான் ஓடுகிறது என்று பேசிப் பேசியே என்னைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். பத்து நாளைக்கு, தினமும் காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் மூன்று தடவை என்று பேச்சு.

அந்த நேரத்தில் நான் மாமியாரை பிசியோதெரபிக்கு அழைத்துப் போயிருப்பேன். கடையைத் திறந்து ரேடியோ போடுவது எங்கள் கட்டிங் மாஸ்டர். பதினோரு மணிக்குப் போய், விளம்பரம் வந்ததா என்று கேட்டால், காதில் விழவே இல்லை என்பார். நாலு நாளும் அதே பதில். பதினைந்து வருஷமாக என்னிடம் பொய் சொல்லாத மனுஷர்.

ஐந்தாம் நாள் ரேடியோ ஆபீஸுக்கே போய்விட்டேன். விளம்பரம் போன நேரத்தை நொடிக் கணக்கில் அச்சடித்து அந்தப் பெண் காட்டினாள். பேப்பரில் எதை வேண்டுமானாலும் அடிக்கலாமே என்றேன். மேனேஜர் வந்தார். ஒலிபரப்பாவதையெல்லாம் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனையாம். அந்தப் பதிவைப் போட்டார். நகைக்கடைக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே, கன்னடத்தில் என் கடைப் பெயர். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் வந்த பிறகு சேர்த்திருந்தால்? இவளை வேலையில் வைத்திருந்தால் உங்கள் பெயர்தான் கெடும் என்று புகார் எழுதியே கொடுத்தேன்.

"நாளைக்கு ஒரு நாள் நீங்களே கடையில உக்காந்து கேளுங்க மேடம்" என்றாள் அவள். அதுவும் நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஒன்பதுக்கெல்லாம் கடையில் இருந்தேன். பாட்டு முடிந்து விளம்பரம் ஆரம்பித்தது. துணியிலிருந்து தலை நிமிராமலே மாஸ்டரின் இடது கை நீண்டு, ரேடியோ சத்தத்தை முணுமுணுப்பாகக் குறைத்தது. அடுத்த பாட்டு வந்ததும் அதே கை சத்தத்தை ஏற்றியது.

ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நீங்கதானம்மா சொன்னீங்க, விளம்பரம் வந்தா ஒரே கத்தலா இருக்கு, கொறச்சிடுங்கன்னு."

கடை ஆரம்பித்தபோது நான் போட்ட சட்டம். நானே மறந்துபோயிருந்தேன். அடுத்த இடைவேளையில் அவரைக் கை வைக்க விடவில்லை. என் கடைப் பெயர் கணீரென்று வந்தது. வெட்கத்தில் முகம் எரிந்தது.

ஆட்டோ பிடித்து ஓடினேன். புகாரைத் திரும்ப வாங்கி, எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அழுது அவள் கண் வீங்கியிருந்தது. ஆனாலும் காரணத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"எங்கம்மாவும் அப்படித்தான் மேடம் கொறைப்பாங்க. அந்த விளம்பரத்துலதான் என் சம்பளம்னு தெரிஞ்சும்."

இன்றும் தேங்காயை ஆட்டித்தான் வாங்குகிறேன். ஆனால் யார் மேலாவது புகார் எழுதப் பேனாவை எடுத்தால், தலை நிமிராமல் நீண்ட அந்த இடது கை ஞாபகத்துக்கு வந்து, எழுத விடாமல் தடுக்கிறது.