குழாயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி

தரைக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் சுவரில் குழாயோ ஒயரோ நுழைகிற இடத்தில் தண்ணீர் கசியாமல் அடைப்பது என் தொழில். உங்கள் வீட்டுக் குழாய் இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

வா என்றால் வராது

பரமக்குடியில் ஒரு ஜவுளிக்கடை. சேலைக் கட்டுகள் வைக்கிற கீழறையில், கரண்ட் குழாய் நுழையும் இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கியது. கடைக்காரரின் அப்பா, திருவாடானைப் பக்கம் விவசாயம் பார்த்தவர், அதை வாளியில் பிடித்து மாடியிலிருந்த கத்திரிச் செடிகளுக்கு ஊற்றி வந்தார். குழாயைச் சுற்றிக் கொத்தி, ஈரம் பட்டால் உப்புகிற ரப்பர் பட்டையைச் சுற்றி, கலவை வைத்து அடைத்தேன். அடுத்த மழைக்குச் சுவர் காய்ந்தே கிடந்தது. மகனுக்குச் சந்தோஷம். பெரியவர் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"வயலுக்கு வா வான்னு கெஞ்சுனேன், வரல. இங்கன தானா வந்துச்சு, அதைப் போயி அடைக்கச் சொல்லிட்டான்."

உப்புத் தேத்தண்ணி

கடலோரத்துப் புதுமடத்தில் ஒரு வீட்டின் தரைக்கடித் தொட்டி. குழாய் இடுக்கு வழியே உப்புத்தண்ணீர் கசிந்து நல்ல தண்ணீரில் கலந்துகொண்டிருந்தது. மெல்ல மெல்ல ஏறியதால் வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த ருசி பழகிவிட்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த கணவருக்கு முதல் நாள் குடித்த டீயிலேயே உப்பு தெரிந்தும், மனைவி மனம் நோகும் என்று வாய் திறக்கவில்லை. தொட்டியைத் திறந்து பார்த்த நான்தான் உண்மையைப் போட்டு உடைத்தேன். அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இம்புட்டு நாளா உப்புத் தேத்தண்ணியவா குடிச்சீக, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

கேட்காமல் போட்ட துளை

ராமேஸ்வரத்தில் ஒரு விடுதி. கீழ்த்தளத்தில் துணி துவைக்கும் இடத்தை நான் அடைத்துக் கொடுத்த கொஞ்ச நாளிலேயே மறுபடி கசிவு. எலக்ட்ரீஷியன் முருகன் என்னைக் கேட்காமல் சுவரில் புதுத் துளை போட்டிருந்தான். திட்டித் தீர்ப்பது என்றே போனேன்.

அங்கே துவைக்கிற செல்வி மாசமாக இருந்தாள். ஒருநாள் தலைசுற்றி விழுந்து கூப்பிட்டிருக்கிறாள். மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. விஷயம் தெரிந்த அன்றே முருகன் வெளியே காவலாளி அறை வரைக்கும் ஒயர் இழுத்து அவளுக்கு ஒரு அழைப்புமணி வைத்துவிட்டான். தண்ணீரைப் பற்றி அவன் யோசிக்கவே இல்லை. வாய்வரை வந்த திட்டை விழுங்கிவிட்டு, ஒயரைச் சுற்றி அடைத்தேன்.

பிறகு ஒருநாள் அவளுக்கு வலி கண்டபோது அந்த மணிதான் அடித்தது. உடனே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பெண் குழந்தை, இருவரும் நலம். போனில் இதைச் சொன்ன கையோடு முருகன் கேட்டான்.

"அண்ணே, இனிமே அந்த ஓட்டையப் பத்திப் பேச மாட்டீகள்ல?"

இப்போதெல்லாம் நான் அடைத்த சுவரில் புதுத் துளையைக் கண்டால், எதற்குப் போட்டது என்று விசாரித்த பிறகுதான் திட்டுகிறேன்.