இறங்க ஆளில்லாத நிறுத்தம்

ம்வான்சா நகரத்தில் இகோமாவுக்கும் கிரும்பாவுக்கும் நடுவே எந்தக் கடைக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது, எதற்குப் பூட்டு, சாவி யாரிடம் என்பதெல்லாம் லுஹெண்டே அண்ணனுக்கு மனப்பாடம். அந்த வழியில் மினிபஸ் ஓட்டுகிறவர் அவர். நான் அவருடைய கண்டக்டர். வண்டியின் பக்கத் தகட்டில் நான் ஒரு அடி அடித்தால் ஆள் இறங்க வேண்டும், நிறுத்து. இரண்டு அடித்தால் கிளம்பு. அவர் நெற்றி வியர்த்தால் நானே ஒரு அடி அடித்துவிடுவேன். இறங்க ஆளே இருக்காது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுவார், நான் பயணிகளிடம் திட்டு வாங்குவேன். மூன்று வருடமாக இதே திருட்டுத்தனம்.

முன்பெல்லாம் ஒரு முழு ஏரிமீனையும் ஒரு குண்டான் மக்காச்சோளக் களியையும் காலி செய்துவிட்டு, ஏப்பம் விட்டபடி வண்டி எடுக்கிற மனுஷன். ஒரு மழைக்காலத்தில் சீதபேதி வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பேதி நின்றது, வலி நிற்கவில்லை. வயிறு வலித்தால் பூச்சி என்பதுதான் எங்கள் ஊர் வைத்தியம். வாரம் தவறாமல் பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கினார்.

வண்டியின் சொந்தக்காரி காஷிஞ்சே அம்மாவுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"ஏன்யா, நீ ஆள் ஏத்தற வண்டி ஓட்டுறியா, கக்கூசு தேடற வண்டி ஓட்டுறியா? ஊரே சிரிக்குது. மாசக் கடைசில நானே ஏறி உக்காருவேன். காரணமில்லாம ஒரு தடவ நின்னுச்சுன்னா, சாவிய வச்சுட்டு நடையக் கட்டு!"

அவருக்கு வேறு தொழில் தெரியாது. இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா நெய்மாவிடம் காட்டினேன். எல்லாச் சோதனையும் பார்த்தார். பூச்சியும் இல்லை, புண்ணும் இல்லை என்றார். அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அப்ப நான் நடிக்கிறேனா?"

"வலி நிஜம்தாங்க. யாரு இல்லேன்னு சொன்னா?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, உங்க வண்டி ஒருநாள் தீப்பிடிச்சுதுன்னு வை. மறுநாள் என்ன பண்ணுவே?"

"லேசாப் புகை வாசம் வந்தாலே நிறுத்தச் சொல்லித் தட்டுவேன்."

"அதேதான். பேதில இவர் குடல் வீங்கிப் புண்ணாச்சு. அங்க இருக்கிற நரம்பெல்லாம் மிரண்டு போச்சு. வீக்கம் வத்திருச்சு, புண்ணும் ஆறிருச்சு, நரம்போட மிரட்சி போகல. சும்மா களி நகர்ந்தாலும், கொஞ்சம் வாயு நெறஞ்சாலும் மூளைக்கு வலி வலின்னு தட்டுது. இதுல கண்ட மாத்திரையும் எதுக்கு?"

நரம்பை அடக்க ஒரு மாத்திரை கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொன்னார். அடங்க நாளாகும் என்றும் சொல்லிவிட்டார். எங்களிடம் இருந்ததோ மூன்றே வாரம். அவர் பொறுத்துக்கொண்டார். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, கண்ணாடியில் அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியும் வந்தது. காஷிஞ்சே அம்மா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வழியில் புசுருகா நிறுத்தம் தாண்டியதும் அண்ணன் நெற்றியில் வியர்வை பொடித்தது. யோசிப்பதற்குள் கை தகட்டில் ஒரு அடி அடித்துவிட்டது.

வண்டி வேகம் குறைந்தது. அம்மா திரும்பிப் பார்த்தார்.

"யாரு எறங்கறது?"

யாரும் அசையவில்லை. பாவி நான், அவர் பிழைப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேன்.

அண்ணன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"ஒருத்தரும் இல்லம்மா. அவன் கை சும்மா தட்டிருச்சு" என்று சொல்லிக் கியரை மாற்றினார். வண்டி நிற்கவே இல்லை.

கிரும்பாவில் அம்மா சாவியைக் கேட்காமல் இறங்கிப் போனார். சாவி வண்டியிலேயே இருந்தது. அண்ணன் கழிப்பறைப் பக்கம் போனார். நடந்து போனார். மூன்று வருடத்தில் அவர் அங்கே நடந்து போய் நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்து சீட்டில் ஏறியவர் என்னை முறைத்தார்.

"டேய் ஷிஜா, அடுத்த தடவ உன் கையையும் டாக்டரம்மாகிட்டக் காட்டணும்டா."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. தகட்டில் இரண்டு அடி அடித்தேன்.