காலேஜ் வாசல் மிதிக்காத பட்டம்

ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த சரக்குக் கம்பெனியில் அக்கவுண்டன்டாக இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, அவர் பார்த்ததெல்லாம் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. பில் போடுவது, வாட் வரிக் கணக்குத் தாக்கல் செய்வது, பேங்க்குடன் மல்லுக்கட்டுவது, ஆடிட்டரின் குடைச்சல் கேள்விகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் நான்தான். பதவியும் சம்பளமும் மட்டும் வரவில்லை. விசாவில் நான் கிளார்க். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடிய பிறகு, பொறுக்கமாட்டாமல் மேனேஜர் அறைக்குப் போனேன்.

மேனேஜர் சென்னைக்காரர். தமிழ் ஆட்கள் என்றால் தனக்குத் தனிப் பாசம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். அந்தப் பாசத்தில்தான் என்னை வாய்க்கு வாய் "ம்மா" போட்டுக் கூப்பிடுவார்.

"அந்தப் போஸ்ட்ட எனக்கே தரலாமே சார். வேலைய நான்தான பாக்கேன்."

"வேலைய யார் வேணாலும் பாக்கலாம்மா. போஸ்ட்டுக்கு டிகிரி வேணும். நீ பிளஸ் டூ."

"டிகிரி வாங்கிட்டு வந்தா?"

அவர் சிரித்தார். "வாங்கிட்டு வா, பாக்கலாம்."

அடுத்த மாதம் அந்த நாற்காலியில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பி.காம். படித்தவர், நல்ல மனிதர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் மாதக் கடைசியில் கணக்கு முடிப்பவள் அப்போதும் நானாகவே இருந்தேன்.

நானும் பி.காம். சேர்ந்தவள்தான். கோவில்பட்டியில் முதல் வருடம் முடிவதற்குள் அப்பா இறந்துபோனார். என் படிப்பு நின்றது. தம்பியின் படிப்பு நிற்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு இது போதும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடித்தபோது, பக்கத்து அறையில் இருந்த என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் உள்ளே அப்படியே கிடந்தது. மேனேஜரின் சிரிப்பு அதைக் கிளறிவிட்டது.

அதற்கு முன்பும் ஒரு தடவை முயன்றிருந்தேன். கல்யாணமாகி ஷார்ஜாவின் ரோலா பகுதிக்கு வந்த புதிதில், தபால் வழிக் கல்வி நடத்துவதாகச் சொன்ன ஒரு சென்டரில் சேர்ந்தேன். பணம் அனுப்பும் எக்சேஞ்சுக்கு மேல் மாடியில் இருந்தது. பரீட்சையை இங்கேயே எழுதலாம் என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை போனால் கதவில் பூட்டு. போர்டையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். கீழே ஜூஸ் கடையில் விசாரித்தேன். "காலி பண்ணியாச்சு. கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்று கையை உதறிக் காட்டினார் கடைக்காரர். கட்டிய பணத்தைக்கூட விட்டுவிடலாம். அவர்கள் வாங்கி வைத்துக்கொண்ட என் பிளஸ் டூ மார்க் ஷீட்டுக்கு மாற்று வாங்க, ஊரில் எத்தனை பேரிடம் போனில் கெஞ்சினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

எங்கள் ஆபீஸ் ரிசப்ஷனில் ஒரு பிலிப்பினோ பெண் இருந்தாள். மதியம் சாப்பிடும்போதும் ஒரு தடித்த புத்தகம் முன்னால் விரிந்திருக்கும். ஒருநாள் என்னவென்று கேட்டேன். அவள் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. அமெரிக்காவில் சில காலேஜ்களில், ஒரு பாடத்தை வகுப்பில் உட்கார்ந்து படித்தாலும் சரி, நாமே படித்துப் பொதுப் பரீட்சை எழுதித் தேறினாலும் சரி, ஒரே மதிப்பு. ஒவ்வொரு பரீட்சைக்கும் இத்தனை கிரெடிட் என்று உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்து, மீதிப் பாடங்களை மட்டும் அந்தக் காலேஜில் ஆன்லைனில் முடித்தால் பட்டம் கொடுத்துவிடுவார்கள். பரீட்சை எழுத துபாயிலேயே சென்டர் இருக்கிறது. இங்கே ஒரு காலேஜில் ஒரு வருடத்துக்கு ஆகிற செலவில் அங்கே பட்டமே முடிந்துவிடும்.

"உனக்கு நேரம் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"எனக்கும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

அன்றே தொடங்கிவிட்டேன்.

அப்போது ரோலாவில் ஒரு ஃபிளாட்டை மூன்று குடும்பங்கள் பகிர்ந்துகொண்டிருந்தோம். எங்கள் பங்கு, ஹாலில் பிளைவுட் அடித்துப் பிரித்த ஓர் அறை. பலகைக்கு அந்தப் பக்கம் சீரியல் ஓடினால் இந்தப் பக்கம் வசனம் மனப்பாடமாகிவிடும். அதனால் கம்பெனி வேனில்தான் படித்தேன். டிராஃபிக்கில் ஆபீஸ் இருக்கும் இண்டஸ்ட்ரியல் ஏரியா போய்ச் சேர்வதற்குள் ஒரு பாடம் முடிந்துவிடும். என் வீட்டுக்காரர் ஏசி டெக்னீஷியன். கல்யாணத்துக்கு முன்னால் துபாயின் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் கட்டிலுக்குக் கட்டில் இடித்துக்கொண்டு வருடக்கணக்கில் இருந்தவர். பரீட்சை நெருங்கினால் சமையலை அவர் எடுத்துக்கொள்வார். அவருக்குத் தெரிந்தது புளிக்குழம்பு ஒன்றுதான். அதையே மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம்.

நான் படிக்க நினைத்தது கணக்கு. முதலில் படிக்க நேர்ந்தது அமெரிக்க வரலாறு. தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு ஒவ்வொரு வரியிலும் அகராதி தேவைப்பட்டது. அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே குற்றம் என்று அங்கே சில மாநிலங்களில் சட்டம் இருந்ததாக ஒரு பக்கத்தில் வந்தது. நான் அடிமை இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, லீவில் ஊருக்குப் போய் வருகிறேன். அவர்கள் பட்டதோடு என் கதையை ஒப்பிடுவது பாவம். இருந்தாலும் பரீட்சைக்குத் தேவையே இல்லாமல் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

பரீட்சைக்குப் பதிந்ததும் சென்டரிலிருந்து மெயில் வந்தது. ஒரிஜினல் பாஸ்போர்ட் கொண்டுவர வேண்டும், நகல் ஆகாது. என் பாஸ்போர்ட் மேனேஜர் அறை லாக்கரில் இருந்தது. வேலையில் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆபீசில் எல்லோருடையதும் அங்கேதான் இருந்தது.

"எதுக்கும்மா பாஸ்போர்ட்?"

"பரீட்சை எழுத, சார்."

"ஏன், ஏர்போர்ட்டுல நடக்குதா பரீட்சை?"

அறையில் இருந்த சேல்ஸ்காரர் சத்தமாகச் சிரித்தார். மெயிலைக் காட்டினேன். மேனேஜர் அதைப் பார்க்கவே இல்லை. லாக்கர் சாவி இருக்கிற ஆள் வெளியே போயிருக்கிறார் என்றார். மறுநாள் கேட்டதற்கு, முதலாளி கையெழுத்து வேண்டும் என்றார். அதற்கடுத்த நாள் வேறொரு வழி சொன்னார்.

"உன் வீட்டுக்காரர் பாஸ்போர்ட்ட கொண்டாந்து இங்க வெச்சுட்டு, உன்னோடத எடுத்துட்டுப் போம்மா. நாளைக்கு நீ பாட்டுக்கு ஃபிளைட் ஏறிட்டா நான்தான முதலாளிக்குப் பதில் சொல்லணும்?"

வீட்டில் வந்து சொன்னேன். வீட்டுக்காரர் சட்டியைக் கிண்டிக்கொண்டே கேட்டார். பிறகு அடுப்பை அணைத்தார்.

"என் பாஸ்போர்ட்டுக்கு நான் எங்க போவேன்? அது எங்க கம்பெனிலதான கெடக்கு."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் இரண்டு அந்நியர்களின் பெட்டிக்குள். இத்தனை வருடமாக அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை என்பதுதான் அன்று என்னை அதிகம் சுட்டது.

பரீட்சை நாள் வந்தது, போனது. அந்த நேரத்தில் நான் ஆபீசில் உட்கார்ந்து யாருடைய கன்டெய்னருக்கோ பில் அடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மறுபடியும் போனேன். இந்தத் தடவை கேட்கப் போகவில்லை.

"சார், பாஸ்போர்ட்ட கவர்மெண்ட் என் கையில குடுத்தது. ஒங்க லாக்கர்ல வைக்கக் குடுக்கல. இங்க உள்ள சட்டமும் அதான் சொல்லுது. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள தரலேன்னா, நாளைக்குக் காலைல நான் லேபர் ஆபீஸ்ல நிப்பேன்."

"மிரட்டுறியாம்மா?"

"சொல்லுதேன் சார்."

என் குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குவதாக அவர் நினைத்திருக்கலாம். தன் மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார். வெளியே போன ஆளிடம் இருப்பதாகச் சொன்ன சாவி. லாக்கரைத் திறந்து, என் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து மேசைமேல் வீசினார். அது வழுக்கிக்கொண்டு வந்து என் காலடியில் விழுந்தது. நான் குனிந்து எடுத்தேன். குனிந்ததை இன்று நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது.

மறுபடியும் பணம் கட்டிப் பரீட்சைக்கு வேறு தேதி வாங்கினேன். துபாயில் அந்தச் சென்டர் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. தடுப்பு வைத்த மேசை, கம்ப்யூட்டர், காதில் அடைத்துக்கொள்ள ஒரு ஹெட்ஃபோன். கேள்விகள் முடிந்து பட்டனை அமுக்கியதும் திரையிலேயே மதிப்பெண் வந்துவிட்டது. தேறிவிட்டேன். டாய்லெட்டுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு ரோலா பஸ்ஸைப் பிடித்தேன்.

பாஸ்போர்ட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மேனேஜர் கேட்டார். "எங்கிட்டயே இருக்கட்டும் சார்" என்றேன். மறுபடி கேட்டார். அதையே சொன்னேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. என்னை "ம்மா" போட்டுக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு மனோதத்துவம், பொருளாதாரம், மேனேஜ்மெண்ட், பிசினஸ் சட்டம் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். அல்ஜீப்ராவில் ஒருமுறை தோற்றேன். கணக்கு தெரிந்தது, கேள்வியின் இங்கிலீஷ் புரியவில்லை. காத்திருந்து மறுபடி எழுதினேன். ஆபீசில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. சேல்ஸ்காரர் ஒரு ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்து எம்.பி.ஏ. சர்ட்டிஃபிகேட் வாங்கியவர். அதை அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அவர் என்னைப் பார்த்து, "எதுக்கு அக்கா இவ்வளவு கஷ்டப்படுற? நான் ஆளு சொல்றேன், ஒரு மாசத்துல கைக்கு வந்துரும்" என்பார். அவருக்குப் புரோமோஷன் கிடைத்தது. அந்தக் காகிதத்தை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

சில வருடங்கள் கழித்து என் பட்டம் கூரியரில் வந்தது. வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கவே இல்லை. கையில் கிரீஸ் இருக்கிறது என்று சொல்லி, நான் பிடித்துக்கொண்டிருக்க, தள்ளி நின்று எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தார்.

இந்த ஊரில் வெளிநாட்டுப் பட்டம் செல்ல வேண்டுமென்றால், அது இங்கத்திய பட்டத்துக்குச் சமம் என்று அரசு தரும் சமநிலைச் சான்று வேண்டும். அதற்கான அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள். காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"அமெரிக்காவில் எந்த ஊரில் தங்கிப் படித்தீர்கள்?"

"அங்கே போனதில்லை. ஷார்ஜாவில் படித்தேன்."

"வகுப்புக்குப் போனதற்கு ஆதாரம்?"

"வகுப்பு இல்லை. பரீட்சை எழுதினேன். மதிப்பெண் எல்லாம் இதில் இருக்கிறது."

அவள் அந்தத் தாளைப் பார்க்காமலேயே அடுக்கி என் பக்கம் நகர்த்தினாள். நேரில் தங்கிப் படித்த பட்டத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றாள். வருந்துகிறேன் என்றும் சொன்னாள். எனக்கு என்ன தெரியும் என்று அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கே உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. காலேஜில் நான்கு வருடம் கடைசி பெஞ்சில் தூங்கியிருந்தாலும் முத்திரை விழுந்திருக்கும்.

மேனேஜரிடமும் கொண்டுபோய் வைத்தேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

"காலேஜுக்கே போகாம எப்படி இது டிகிரி ஆகும்? அந்த சேல்ஸ் பையன் மாதிரி நீயும் வாங்கிட்டியா?"

என் வாயில் வந்ததை எழுத முடியாது. தமிழில்தான் சொன்னேன், கோவில்பட்டித் தமிழில். கதவு திறந்திருந்தது. மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன்.

நான் வேலை இல்லாமல் இருந்த மாதங்களில் வீட்டுக்காரர் ஓவர்டைம் பார்த்தார். ஒருநாளும் முகம் கோணவில்லை. ஒரே ஒருமுறை, "இன்னும் அந்தாள நெனச்சுத் திட்டிக்கிட்டா இருக்க?" என்று கேட்டார்.

"ஆமா."

"திட்டு. ஆனா சாப்ட்டுட்டுத் திட்டு."

கடைசியில் துபாயில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதலாளி வெளிநாட்டுக்காரர். ஒரு மாதத்துக் கணக்கை முன்னால் போட்டு, முடித்துக் காட்டு என்றார். முடித்துக் காட்டினேன். பட்டத்தைப் பார்த்துவிட்டு, இப்படிப் பரீட்சை எழுதி வாங்கும் வழி தனக்குத் தெரியும் என்றார், அவ்வளவுதான். இப்போது அங்கே நான் அக்கவுண்டன்ட். சம்பளமும் அதற்குரியது. விசாவில் இன்றும் கிளார்க். சமநிலைச் சான்று இல்லாமல் அதை மாற்ற வழியில்லை. அந்த பிலிப்பினோ பெண் கனடாவுக்குப் போய்விட்டாள். இதே மாதிரிப் பட்டத்தை அங்கே ஏற்றுக்கொண்டார்களாம். போனில் சொன்னபோது சந்தோஷப்பட்டேன். போனை வைத்த பிறகு கோபம் வந்தது. அவள்மேல் இல்லை.

இப்போது எங்கள் மாடியில் இருக்கும் ஒரு திருநெல்வேலிப் பெண் போன வாரம் வந்தாள். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேஷியர். யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். நான் எதையும் மறைக்காமல், கவுண்டரில் நடந்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பம் இதனால பிரயோஜனம் உண்டா, இல்லையாக்கா?"

"உண்டு. ஆனா எல்லா எடத்துலயும் செல்லாது. செல்லாதுன்னு சொல்லுதவன் ஒன்னைய ஒரு கேள்வியும் கேக்க மாட்டான். அதத் தாங்குவியா?"

அவள் கைப்பையை மடியில் வைத்து, அதன் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"தெரியலக்கா" என்றாள். பிறகு, "கணக்குதான் எனக்கு நல்லா வரும். அத மொதல்ல எழுதலாமா?" என்று கேட்டாள்.

எழுதலாம் என்றேன். எழுந்து போய் என் அல்ஜீப்ராப் புத்தகத்தைத் தேடினேன்.