தட்டிவிட்டுக் கழற்றிய கதவுகள்

பழைய கதவு, யன்னல் விற்கிறவனிடம் வருகிறவர்கள் என்ன மரம் என்று முதலில் கேட்பதில்லை. யார் வீட்டுக் கதவு என்றுதான் கேட்பார்கள்.

நான் இந்தத் தொழிலில் ஒரு மாமாங்கம் குப்பை கொட்டினவன். யாழ்ப்பாணத்தில், நல்லூரைத் தாண்டிப் பருத்தித்துறை வீதியில், ஒரு வேப்பமரமும் ஒரு தகரக் கொட்டிலும்தான் என் கடை. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த துணியோடு வந்து இறங்கிய சனத்துக்கு இங்கே இருந்த வீடுகள் போதவில்லை. விறாந்தையை மறித்தார்கள், பத்தி இறக்கினார்கள், தோட்டக் காணிகளில் சுவர் எழுப்பினார்கள். எல்லாவற்றுக்கும் கதவு வேண்டியிருந்தது. பிறகு தொண்ணூறில் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்து, அதை அண்டிய பட்டினப் பக்கம் தரைமட்டமானது. சீமெந்துக்கும் தடை. அங்கே இடிந்த வீட்டின் கதவுதான் இங்கே எழும்புகிற வீட்டுக்கு என்றாகிவிட்டது. பட்டினம் குறையக் குறைய என் கொட்டில் நிறைந்தது. சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, படவில்லை என்றால் பொய். கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் விளங்கும்.

ராசி பார்த்து வாங்கியவர்

நீர்வேலியில் கனகர் என்று ஒரு வாழைத்தோட்டக்காரர் இருந்தார். தோட்டத்தில் பாதியை அழித்து, இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு வாடகைக்கு விட வரிசையாக அறைகள் கட்டிக்கொண்டிருந்தார். எல்லாக் கதவையும் ஒரேயடியாக வாங்கமாட்டார். குலை விற்ற கையோடு வருவார், ஒரு கதவு வாங்குவார், போய்விடுவார். வாங்குமுன் கதவை முகர்ந்து பார்ப்பார். பிறகு அந்தக் கேள்வி: “உந்த வீட்டிலை சாவு கீவு ஏதும் நடந்ததோ?”

அந்த வருஷங்களில், அதுவும் கோட்டைக்குப் பக்கத்து வீடுகளைப் பற்றி, இதற்கு என்ன பதில் சொல்வது? உண்மை சொன்னால் ஒரு கதவும் விற்காது. நல்லகாலம், அன்றைய கதவுக்கு என்னிடம் உண்மையான பதிலே இருந்தது. வீட்டுக்காரர் முழுப்பேரும் கனடாவில் என்றேன். கனகரின் முகம் மலர்ந்தது. கதவைத் தட்டிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: “கனடாவுக்கு வழிவிட்ட கதவெண்டால் சும்மா கதவே? உதை முதல் அறைக்குப் போடுவம். எனக்கும் ரெண்டு பெடியள் இருக்கிறாங்கள்.”

சின்னராசாவின் மரியாதை

கழற்றுகிற வேலைக்கு எனக்குத் துணை தச்சன் சின்னராசா. வீட்டுக்காரர் சம்மதம் சொல்லி அனுப்பினால்தான் நாங்கள் ஒரு வீட்டில் கை வைப்போம். சின்னராசாவுக்கு அதுவும் போதாது. எவ்வளவு இடிந்த வீடாக இருந்தாலும் முதலில் கதவில் மூன்று தட்டுத் தட்டி, “வீட்டுக்காரர்!” என்று கூப்பிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் தச்சு ஆயுதத்தை எடுப்பான். நான் இதைச் சொல்லிச் சொல்லி அவனைப் பகிடி பண்ணுவேன்.

ஒருநாள் கோட்டைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றுக்குப் போனோம். வீட்டில் மிஞ்சியிருந்தது முன்சுவர் மட்டும்தான். அதில் கதவு பூட்டியபடி நின்றது. கூரை இல்லை, பின்சுவர் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் எருக்கலைப் பற்றையும் வெயிலும்தான். சின்னராசா தட்டினான், கூப்பிட்டான். “ஆர் வந்து திறக்கிறது, எருக்கலையோ?” என்று நான் சிரித்தேன். அவன் என்னைக் கையமர்த்திவிட்டுக் காதைக் கதவில் வைத்தான். வெகுநேரம் அப்படியே நின்றான். பிறகு ஆயுதங்களைப் பையில் போட்டுக்கொண்டு, சத்தம் எழுப்பாமல் என்னிடம் வந்தான். “இப்ப வேண்டாம் அண்ணை. சாப்பிட்டுக்கொண்டு இருக்கினம். பிறகு வருவம்.”

சாக்குக்குப் பின்னால்

அதே ஒழுங்கையில் இருந்தவர் தவமணி அக்கா. சண்டைக்குத் தப்பி ஓடிவந்து கனகரின் அறைகளில் ஒன்றில் தனியாக இருந்தார். புருஷன் எப்போதோ காலமாகிவிட்டார். ஒரே மகன், சண்டைக்குச் சில வருஷங்களுக்கு முந்தி ஒரு காலையில், “நாதாங்கி போடாதேங்கோ அம்மா, வாறன்” என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டவன். எங்கே போனான், யார் கொண்டுபோனார்கள் என்று இன்றுவரை தெரியாது. வீடு மண்ணாகிவிட்டது. ஆனால் முன்கதவு மட்டும் அந்த மண்ணுக்குள் இருக்கவில்லை. யாரோ அதை எடுத்துப் போயிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் நல்லூரில் கும்பிட்டுவிட்டு, திருநீறு காயமுன் என் கொட்டிலுக்கு வருவார். குந்தியிருந்து ஒவ்வொரு கதவின் அடிப்பாகத்தையும் தடவிப் பார்ப்பார். மகன் சின்ன வயதில் சைக்கிளால் இடித்து உடைத்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பலாப்பலகை ஒட்டுப் போட்டிருந்ததாம். பச்சைப் பெயின்ற் மாறியிருக்கலாம், ஒட்டு மாறாது.

கனகரின் அறைகளில் தவமணி அக்காவின் வாசலில் மட்டும்தான் கதவு இல்லை. சாக்குப் படங்குதான் தொங்கியது. நல்ல முதிரைக் கதவொன்றைச் சும்மா தருகிறேன் என்றேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தச் சாக்கைப் பார்க்க என்னால் முடியவில்லை. அவர் வேண்டாம் என்றார். “அவன் வீட்டைத் தேடி வந்தால் அங்கை மண்தான் கிடக்கு. ஊர் முழுக்க மாறிப்போச்சு. அந்தக் கதவு ஒண்டைத்தான் அவனுக்கு அடையாளம் தெரியும், தம்பி. ரெண்டு தட்டுத் தட்டி, கொஞ்சம் பொறுத்து, இன்னொருக்காத் தட்டுவான். வேறை கதவிலை தட்டினால் எனக்குக் கேக்காது.”

கதவோடு வந்த நாய்

எருக்கலைக்கு முன்னால் நின்ற கதவைக் கடைசியில் கழற்றினோம். சின்னராசா அனுமதி கிடைத்துவிட்டது என்றான். வண்டிலில் ஏற்றும்போது பற்றைக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாக ஒரு நாய் வந்தது. கடைக்கு வந்து கதவடியில் படுத்தது. கனகர் கதவை வாங்கிக்கொண்டு போனபோது அதுவும் நீர்வேலிக்குப் போனது.

கதவை மூன்றாவது அறைக்குப் போட்டார்கள். அன்றைக்கே நாய் அந்த வாசலுக்குக் குறுக்கே படுத்துவிட்டது. குடியிருக்க வந்தவர்களுக்கு வாலாட்டியது, அந்நியருக்கு வழிவிட்டது. கனகர் வந்தால் மட்டும் எழும்பி நின்று குலைத்தது. கனகர் நேரே என்னிடம் வந்து முறையிட்டார்: “காணி என்ரை, கட்டினதும் நான். அதுக்கை வந்து நிண்டு உது என்னைப் பார்த்து நீ ஆர் எண்டு கேக்குது.”

பாண்காரருக்கு வந்த நடுக்கம்

அந்தோனி அண்ணை முந்திக் கோட்டைப் பக்கத்து ஒழுங்கைகளில் சைக்கிளில் பேக்கரிப் பாண் விற்றவர். அந்த ஒழுங்கைகள் இல்லாமல் போனபிறகு நீர்வேலிப் பக்கம் வரத் தொடங்கினார். கனகரின் வரிசைக்கு முதன்முதல் போன அன்று பாண் பெட்டி பாதி நிறைந்தபடி என் கடைக்குத் திரும்பிவந்து, வேப்பமரத்தில் சாய்ந்து தண்ணீர் கேட்டார். குடித்த செம்பைத் திருப்பித் தரவும் மறந்துபோனார். “எனக்கொருக்கா வந்து காட்டும், நான் எங்கை நிக்கிறன் எண்டு” என்றார்.

போய் ஒழுங்கை முகப்பில் நின்றோம். வாழையிலை அசையும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அவர் கையை நீட்டிக் காட்டினார். முதலில் கனடாக்காரரின் கதவு, அடுத்தது சூரியன் உருவம் செதுக்கின கதவு, அடுத்தது நாயின் கதவு. அழிந்துபோன அந்த ஒழுங்கையில் எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு இருந்ததோ, அதே ஒழுங்கில் கதவுகள் நின்றன. நான் திட்டம்போட்டு விற்கவில்லை. கனகருக்கு அந்த ஒழுங்கை இருந்த திசையே தெரியாது. ஒரு கதவு திறந்து மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பிள்ளை எட்டிப் பார்த்தபோது, அந்தோனி அண்ணை வேறு யாரையோ எதிர்பார்த்தவர்போலப் பின்வாங்கினார். பிறகு சாக்குத் தொங்கிய வாசலைக் காட்டினார். “அங்கையும் நாயின்ரை வீட்டுக்குப் பக்கத்திலைதான் தவமணியின்ரை வீடு. ஒரு கதவுதான் குறையுது தம்பி.”

பங்கருக்குள் படுத்தபடி

உடுப்பிட்டியில் ஒரு வீட்டில் யன்னல் பார்க்கப் போயிருந்தேன். விலை பேசிக்கொண்டிருக்கும்போதே குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா, பிள்ளைகள், நான் எல்லோரும் முற்றத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் விழுந்தோம். பனங்குற்றி போதாமல் நடுவில் ஒரு பழைய கதவைப் போட்டு, அதற்கு மேல் மண்மூட்டை அடுக்கியிருந்தார்கள். மல்லாந்து படுத்திருந்த என் மூக்குக்கு நேரே அந்தக் கதவு இருந்தது. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலாப்பலகை ஒட்டு.

பொம்மர் போய்விட்டது. காகம்கூடக் கத்தவில்லை. அப்போது மேலே, இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று. என் முகத்தில் மண் சொரிந்தது. வெளியே பாய்ந்து ஏறினேன். முற்றத்தில் ஒரு குஞ்சும் இல்லை. மூட்டைகள் அடுக்கினபடியே இருந்தன. இத்தனை மூட்டைக்கு மேல் நின்று தட்டினால் கீழே எப்படிக் கேட்கும்?

வாயைத் திறக்காமல் கடைக்கு வந்து, மறுநாள் சின்னராசாவோடு நல்ல பனங்குற்றிகளைக் கொண்டுபோனேன். குற்றிகளை வைத்துக்கொண்டு கதவைத் தரச்சொல்லிக் கேட்டேன். மறுப்பார் என்று பயந்தேன். சின்னராசா பங்கருக்குள் இறங்கி வழக்கம்போல மூன்று தட்டுத் தட்டியதும் அந்த அம்மாவின் கண் கலங்கியது. “கொண்டு போங்கோ. ஒவ்வொரு முறையும் மேலை ஏறி வந்து, நீ தேடுற ஆக்கள் இங்கை இல்லையப்பு எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு ஏலாமல் போச்சு.”

கைதடி வீதியில்

கதவு தவமணி அக்காவின் வாசலுக்கு வந்தது. உடுப்பிட்டியில் கேட்டதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அங்கேயே போய் இருந்திருப்பார். சாக்கை மடித்துக் கால்மிதியாகப் போட்டார். இரவும் பகலும் நாதாங்கி போடவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி முன்னேறி வர, கொட்டுகிற மழையில், வலிகாமச் சனம் முழுதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்தது. என் வீட்டுச் சனத்தை முன்னே அனுப்பிவிட்டு நானும் சின்னராசாவும் தவமணி அக்காவைக் கூட்டிப்போக, சாமான் ஏற்றிய கைவண்டிலோடு நீர்வேலிக்குப் போனோம். கனகரின் வரிசையில் ஒருவரும் இல்லை. எல்லாக் கதவிலும் புதுப் பூட்டு. அடுத்தவன் கதவுக்குப் பின்னால் குடியிருந்தவர்கள் அதைப் பூட்டி, திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். தவமணி அக்காவின் கதவு மட்டும் பூட்டில்லாமல் சாத்தியிருந்தது. போய்விட்டார் என்றுதான் நினைத்தோம். சின்னராசாவின் கை பழக்கத்தில் தட்டிவிட்டது.

“நாதாங்கி போடேல்லை மோனை, வா!”

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு இளம் பெண்ணின் குரல் அது. தவமணி அக்காதான் கதவைத் திறந்தார். எங்களைக் கண்டதும் அவருடைய முகம் விழுந்ததைப் பார்க்கமுடியாமல் சின்னராசா தலையைக் குனிந்துகொண்டான். வாருங்கள் போவோம் என்றேன். “நான் வந்தால் அவன் எங்கை தட்டுவான்?” என்றார். ஷெல் சத்தம் கிட்ட வந்துகொண்டிருந்தது. சின்னராசா ஸ்குறூ ட்ரைவரை எடுத்துக் கதவின் பிணைச்சலில் வைத்துக்கொண்டே சொன்னான்: “அவன் தேடி வாறது காணியை இல்லையே அக்கா, கதவைத்தானே. கதவையே கொண்டு போவம்.”

என் தகரப் பெட்டிகளை இறக்கி எறிந்துவிட்டுக் கதவை வண்டிலில் கிடத்தினோம். கைதடிக்குப் போகிற வீதியில் அடி வைக்க இடமில்லை. யாரோ பெற்ற இரண்டு குழந்தைகள் மழைக்குப் பயந்து வண்டிலில் கதவுக்குக் கீழே சுருண்டுகிடந்தன. பொழுதுபடுகிற நேரம், கைதடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சனம் அசையாமல் நின்றுவிட்டது. அப்போது கதவில் இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று. நான் சின்னராசாவைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். குழந்தைகள் தூக்கத்தில் இருந்தன. சுற்றிவரத் தலைகள், மூட்டைகள், சைக்கிள்கள். மரத்திலிருந்து விழுந்த துளியாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன்.

தவமணி அக்கா பலாப்பலகை ஒட்டில் கையை வைத்திருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. “நடவுங்கோ தம்பி,” என்றார். “அவன் பின்னாலை வாறான்.”

எத்தனையோ வீட்டுக்குக் கதவு விற்றவன் நான். ஆளைக் கண்ணால் காணாமலே கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டு நடந்தது அந்த ஒரு தரம்தான்.