நாற்றம் நின்ற பிற்பகல்

எழுபதுகளின் பிற்பாதியில், அரியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் லேபின் பின்பக்கம் ஒற்றைச் சன்னல் வைத்த சின்ன அறை ஒன்று உண்டு. அதை கேஸ் ரூம் என்போம். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கண்ணாடிக் குடுவைகள் கொண்ட கருவி ஒன்று அங்கே மேசைமேல் நிற்கும். நடுக் குடுவையில் இரும்பு சல்பைடு கட்டிகள், மேலே அமிலம். குழாயைத் திறந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். மாணவர்களின் உப்புக் கரைசலில் அந்த வாயுவைச் செலுத்துவோம். கரைசல் கறுத்தால் ஒரு உலோகம், மஞ்சளானால் வேறொன்று. லேப் இருக்கும் நாட்களில் அழுகிய முட்டை நாற்றம் சேலையோடும் தலைமுடியோடும் என் கூடவே பஸ் ஏறும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கள் எழுந்து போவார்கள்.

கேஸ் ரூமைப் பார்த்துக்கொண்டது எங்கள் அட்டெண்டர் அக்கா. விக்கிரமங்கலம் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் அதே கல்லூரியில் வாட்ச்மேனாக இருந்து இறந்துபோனதால் இவருக்கு வேலை கிடைத்தது. இங்கிலீஷ் எழுத்து தெரியாது. ஆனால் லேபிளின் கறையையும் கிழிசலையும் வைத்தே எது எந்தப் பாட்டில் என்று சரியாகச் சொல்வார். அமிலத்தில் தண்ணீரை ஊற்றப்போன ஒரு மாணவனின் கையைப் பிடித்து நிறுத்தி, "தண்ணில ஆசிட்ட ஊத்துங்க தம்பி, ஆசிட்டுல தண்ணிய ஊத்தாதீங்க, தெறிச்சுடும்" என்று அவர் சொன்னதை ஒருமுறை பார்த்தேன். அன்று அந்த மேசைக்குப் பொறுப்பு நான். அவன் ஊற்றப்போனது என் கண்ணில் படவில்லை, அவர் கண்ணில்தான் பட்டது.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரம். கருவியின் குழாய் சில நாட்களாகவே இறுக்கமாக மூடாமல் இருந்தது. துறைத்தலைவரிடம் சொன்னேன். புதியது எழுதிப் போட்டிருப்பதாகவும் அதுவரை வாஸ்லின் தடவி ஓட்டும்படியும் சொன்னார். ஓட்டினோம். அன்று பிற்பகல் இருபது பேர் கேஸ் ரூமுக்கு வெளியே வரிசையில் நின்றார்கள்; டியூபை வாங்கி உள்ளே வாயு செலுத்திக் கொடுத்தது அக்கா. கேஸ் ரூம் சன்னலடியில் நான் திருத்த வேண்டிய ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். வேறு அலமாரி கிடையாது. சாரல் உள்ளே அடித்தது.

"அக்கா, அந்தச் சன்னல சாத்திடுங்க. நோட்டெல்லாம் நனையுது."

"சாத்துனா நாத்தம் தாங்காதுங்க டீச்சர்."

"கொஞ்ச நேரந்தான். மழை விட்டதும் தொறந்துக்கலாம்."

அவர் சாத்தினார். நான் லேபுக்குத் திரும்பி ஒவ்வொரு மேசையாகப் பார்த்து வந்தேன். மழை விடவில்லை. சன்னலை நான் மறந்தே போனேன். அரைமணி நேரம் கழித்து அவர் கதவருகே வந்து நின்றார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நாத்தம் நின்னுடுச்சுங்க."

"நின்னுடுச்சா? நல்லதாப் போச்சு. வாஸ்லின் பிடிச்சிருக்கும். இன்னும் ஏழெட்டுப் பேர்தான், முடிச்சுட்டு வந்துடுங்க."

தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

பிறகு ஒரு மாணவி டெஸ்ட் டியூபோடு வந்து, "மிஸ், அந்த அக்கா கீழ உக்காந்துட்டாங்க, கூப்பிட்டா பேசமாட்டேங்குறாங்க" என்றாள். ஓடினேன். கேஸ் ரூமுக்குள் கால் வைத்ததும் எனக்கு முதலில் தெரிந்தது, அங்கே எந்த நாற்றமும் இல்லை என்பதுதான். கழுவிவிட்ட அறைபோல இருந்தது. ரப்பர் குழாயைச் சரிசெய்யக் குனிந்தவர் அப்படியே மேசைக்காலில் சாய்ந்திருந்தார். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையில்தான் தேங்கும். நானும் குனிந்தேன். கண் எரிந்தது, எழ முடியவில்லை. பின்னால் வந்த மாணவன் ஒருவன் இரும்பு ஸ்டாண்டை எடுத்துச் சன்னல் கண்ணாடியை உடைத்தான். இரண்டு பேர் எங்களை வராண்டாவுக்கு இழுத்துப் போட்டார்கள்.

சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போன லாரியை நிறுத்தி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் தலை என் மடியில் இருந்தது. அன்று சாயங்காலம் கண் விழித்தார். ஒரு மாதத்தில் வேலைக்கும் வந்துவிட்டார். மூக்கில் மட்டும் எந்த வாசமும் ஏறவில்லை. அது திரும்பவேயில்லை.

பிரின்சிபால் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். 'மழையின் காரணமாகச் சன்னல் மூடப்பட்டிருந்தது' என்று எழுதினேன். யார் மூடச் சொன்னது என்று எழுதவில்லை. நாற்றம் நின்றதாக அக்கா வந்து சொன்னதையும் எழுதவில்லை. அவரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"சன்னல யாரும்மா சாத்துனது?"

"நான்தாங்க சார் சாத்துனேன்."

பிரின்சிபால் குறித்துக்கொண்டார். விசாரணை அத்தோடு முடிந்தது.

அந்த விடுமுறையில் திருச்சியில் அம்மா வீட்டுக்குப் போனபோது என் எம்.எஸ்ஸி. நோட்டுகளை எடுத்துப் புரட்டினேன். தேடித்தான் புரட்டினேன். ஹைட்ரஜன் சல்பைடு, பண்புகள். நான்காவது வரி என் கையெழுத்தில் இருந்தது: அளவு மிகுந்தால் நுகரும் உணர்வு அற்றுப்போகும்; நாற்றம் நின்றுவிட்டதாகத் தோன்றும்; அதுவே பேராபத்து. சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிய வரி. அவர் வந்து சொன்னபோது அந்த வரி என் நினைவுக்கு வரவில்லை. அவருக்கோ அதைப் படிக்க வழியே இருந்ததில்லை.

அதன்பிறகு மத்தியானம்தோறும் அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு என்னிடம் வருவார். "மோந்து பாத்துச் சொல்லுங்க டீச்சர், புளிச்சுடுச்சான்னு தெரியல. வூட்டுல புள்ளைங்க சரியாச் சொல்ல மாட்டேங்குதுங்க." நான் முகர்ந்து பார்த்துச் சொல்வேன். சில நாள் குழம்பு கெட்டிருக்கும். என் சாப்பாட்டில் பாதியைக் கொடுப்பேன், மறுக்காமல் வாங்கிக்கொள்வார். இரண்டு வருடம் அப்படி நடந்தது. ஒருநாளாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மத்தியானமும் நினைத்தேன். ஒவ்வொரு மத்தியானமும் குழம்பைப் பற்றி மட்டும் பேசினேன்.

கருவியை வராண்டாவுக்கு மாற்றவைத்தேன். உடைந்த சன்னலுக்குக் கண்ணாடி போட வந்த ஆசாரியைத் திருப்பி அனுப்பினேன். புதிதாக வரும் ஒவ்வொரு வகுப்பையும் முதல் நாளே நிற்கவைத்து, "நாத்தம் அடிச்சா என்கிட்ட சொல்லுங்க, நாத்தம் நின்னா சொல்லக்கூட நிக்காதீங்க, வெளிய ஓடுங்க" என்பேன். சிரிப்பார்கள். எனக்கு ஒரு பட்டப்பெயரும் வைத்தார்கள். வீட்டிலும் என் நிலை சரியில்லாமல் போனது. அடுப்படியில் நின்றுகொண்டிருப்பேன், திடீரென முட்டை நாற்றம் வரும். அதற்குப் பயப்பட மாட்டேன். சட்டென்று அது போய்விடும். உடனே கதவு சன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டுத் தெருவில் போய் நிற்பேன். என் கணவர் முதலில் கேட்டுப் பார்த்தார். பிறகு அவரும் பேசாமல் கூடவே வந்து நிற்கப் பழகிக்கொண்டார்.

மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்ச் சில வருடங்கள் கழித்து, எண்பதுகளின் நடுவில், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். மகளை அரும்பாவூரில் கட்டிக் கொடுத்திருந்தார், அங்கே போய்க்கொண்டிருந்தார். டீ வாங்கி வந்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்குச் சன்னல சாத்தச் சொன்னது நான்தான். விசாரணையில நான் சொல்லல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரியுங்களே டீச்சர். எனக்கு மூக்குதான் போச்சு, ஞாபகம் போகல. நீங்கதான் மறந்துட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவரே கேட்டார். குரலில் கோபம் இல்லை.

"நாத்தம் நின்னுடுச்சுன்னு வந்து சொன்னேனே. அப்ப நீங்க என்ன சொல்லியிருக்கணும்?"

"வெளிய வந்துடுங்கன்னு சொல்லியிருக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க்கா."

அவர் டம்ளரை எடுத்து மீதி டீயைக் குடித்து முடித்தார். அரும்பாவூர் பஸ் வந்தது. "போயிட்டு வரேங்க" என்று பையை எடுத்துக்கொண்டு ஏறினார். சன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பக் கால்மணி நேரம் ஆனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. பஸ் புறப்படும்வரை நான் அங்கேயே நின்றேன்.