மூன்றாவது பொன்னாடை

மகளின் தள்ளுவண்டிக்குக் கீழுள்ள கூடையில் எப்போதும் ஒரு பொன்னாடை கிடக்கும். இளஞ்சிவப்பு நிறம், பொன் சரிகைக் கரை. ஒரு மூலையில் சரிகை பிரிந்து நூல் தொங்குகிறது. பாரிஸின் லா சப்பலில் ஒரு புடைவைக் கடையில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தார் வாங்கியது. பிள்ளைக்குக் குளிருமோ என்று பயந்தால் அதை எடுத்துப் போர்த்துவேன். கொஞ்ச நேரத்தில் சரிகை கன்னத்தில் உராயுமோ என்று பயந்து எடுத்துவிடுவேன். உண்மையில் அது என் சித்தப்பாவுக்குப் போர்த்தப்பட்டது.

சித்தப்பா கழகத்தின் விக்கெற் காப்பாளர். கிழமை முழுக்க ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையலறையில் நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் லா கூர்னெவ் மைதானத்தில் விக்கெற்றுக்குப் பின்னால் குந்தியிருப்பார். நான் பள்ளிக்குப் போன காலத்தில் அவர் பக்கவாட்டில் பாய்ந்து பந்தைப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். விழுந்த இடத்திலேயே கிடந்து, கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார். ஐம்பத்தைந்து வயதிலும் அவர் அங்கேதான் இருந்தார். ஆனால் அவர் குனிவதற்குள் பந்து எல்லைக்கோட்டுக்குப் போய்விடும்.

"பந்து பக்கத்து ஊர் சென் தெனிக்கே போயிட்டுது அண்ணை, இப்ப ஏன் குனியிறியள்?"

"நான் விட்டது ஒண்டு. நீ போட்ட வைட் எத்தினை? எண்ணிப்போட்டுக் கதை!"

ஐந்தாறு பேர் சேர்ந்து ஏசுவார்கள். அவரும் விடமாட்டார். எல்லைக்கோட்டுக்கு வெளியே, பந்து வராத தூரம் என்று நானே கணக்குப் போட்ட இடத்தில், தள்ளுவண்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். இவ்வளவு பேச்சும் வாங்கிக்கொண்டு இவர் ஏன் வருகிறார் என்பது எனக்கு விளங்கவேயில்லை.

ஒருவரிடம் போதும் என்று நேராகச் சொல்லும் பழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவோம். போர்த்தப்பட்டவர் புரிந்துகொண்டு அடுத்த கிழமையிலிருந்து வெளியே கதிரையில் அமர்ந்து ஆட்டம் பார்ப்பார். சித்தப்பாவுக்கு முதலாவது பொன்னாடை போர்த்தியபோது கும்பிட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த ஞாயிறு தன் கையுறைகளை அதிலே சுற்றி எடுத்துக்கொண்டு விளையாட வந்தார். இரண்டாவதைப் புல்லில் விரித்து, அதன்மேல் இருந்து சப்பாத்து மாற்றினார்.

மூன்றாவது முறை கழகத்தார் ஒரு வாழ்த்துமடலும் வாசிக்கத் தீர்மானித்தார்கள். கழகத் தலைவர் என் கணவர். அணித் தலைவரும் அவரே. "நீதானே படிச்சனீ, எழுது" என்றார். 'ஓய்வு பெறும் எங்கள் காப்பாளருக்கு' என்று தொடங்கினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன். பிள்ளை அழுதாள், வைத்துவிட்டேன். பிள்ளை அழுதது முதலா, நான் வைத்தது முதலா என்பதில் எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

மண்டபத்தில் நானே அதை வாசித்தேன். 'ஓய்வு' என்ற சொல் வந்ததும் சித்தப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை வாங்கி, "மடல் நல்ல வடிவாயிருக்கு. எங்கடை பிள்ளைதான் எழுதினது. ஆனா ஓய்வெண்டு உனக்கு ஆர் சொன்னது பிள்ளை?" என்றார். மண்டபம் சிரித்தது. என் காதுகள் சுட்டன. அவர் இறங்கி வந்து, தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து என் மகளுக்குப் போர்த்தினார். "இது இவவுக்கு. எனக்கு வேர்க்குது."

அடுத்த ஞாயிறு அணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவரோ வழக்கம்போலப் பையோடு வந்து காலில் காப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். "உன்ரை சித்தப்பாதானே, நீ போய்ச் சொல்லு" என்றார் கணவர். போனேன். அதைச் சொல்வதற்குப் பதிலாக, இத்தனை நாள் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சித்தப்பா, ஏன் விடுறியளில்லை?"

அவர் பட்டியை இறுக்கியபடியே சொன்னார். "வேலையிலை 'மெசியே' எண்டு மரியாதை. அறைக்குப் போனா ஒரு சத்தமில்லை. இஞ்சை வந்தாத்தானே பிள்ளை நாலு பேர் வாய்நிறைய ஏசுறாங்கள்."

திரும்பி வந்து கணவரிடம், "இண்டைக்கு மட்டும் விடுங்கோ" என்றேன். அவர் பட்டியலில் இருந்த புதிய காப்பாளரை வெளியே இருக்கச் சொன்னார்.

மூன்றாவது ஓவரில் பந்து சித்தப்பாவின் கால்களுக்கிடையே போய் எல்லைக்கோட்டைத் தொட்டது. அவர் நிமிர்ந்து காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஒருவரும் கத்தவில்லை. பந்து போட்டவன், "பரவாயில்லை ஐயா" என்றான். நேற்றுவரை அண்ணை. என் மடல் அவரை ஐயாவாக்கியிருந்தது.

அந்த ஓவர் முடிந்ததும் அவர் கையுறைகளைக் கழற்றினார். புதிய காப்பாளரைக் கைகாட்டிக் கூப்பிட்டுக் கொடுத்தார். வெளியே வருவார், என்ன சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்க, அவர் நேரே நடுவரிடம் போனார். நடுவராக நின்றவர் எதிரணிக்காரர். துடுப்பெடுத்தாட அவர் முறை நெருங்கியிருந்தது. மகிழ்ச்சியோடு வெள்ளை மேலங்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு பந்துகள்கூட ஆகவில்லை. எங்கள் பந்துவீச்சாளன் ஆட்டமிழப்புக் கேட்டுக் கையைத் தூக்கினான். சித்தப்பா இல்லையென்று தலையாட்டினார்.

"அண்ணை! கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டே வந்தனீங்கள்?"

"கத்தாதை. போய்ப் பந்தைப் போடு!"

அடுத்த பந்தை வைட் என்றார். அதற்கடுத்ததற்கு ஆட்டமிழப்பு என்று விரலைத் தூக்கினார். இந்தமுறை இரண்டு பக்கத்தாரும் ஏசினார்கள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் அவர்தான் நடுவர். கழகத்தில் யாரோ நான்காவது பொன்னாடை பற்றிப் பேச்செடுத்தபோது, மடல் எழுத எனக்கு நேரமில்லை என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறும் மைதானத்தில் நின்றேன். காற்று அடித்தது. மகள் பொன்னாடைக்குள், பிரிந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே தூங்கிப்போனாள். நடுவில் பெரும் சத்தம். பதினொரு பேரும் சித்தப்பாவைச் சூழ்ந்து நின்று ஏசிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை விழித்துவிடுவாளோ என்று பொன்னாடையை இழுத்து அவள் காதை மூடப் போனேன். பிறகு, கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.